பாதியில் நின்ற பத்திரங்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இழுக்கும்போது யாராவது கவனிக்கிறார்களா என்று தெருவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவனுக்கு இந்தப் புத்தி வேண்டும், தான் எழுதிய வரியைத் தானே நம்பக் கூடாது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். ஆனால் எண்பதுகளின் பிற்பாதியில், மதுரை காளவாசலில் நான் வேலை பார்த்த ஆபீசில், அந்தப் புத்தி வரியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது.

ஆபீஸ் ஒரு டயர் ரீட்ரெடிங் கடையின் மாடியில் இருந்தது. ரப்பர் வேகும் வாடை நாள் முழுக்க மேலே ஏறி வரும். சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் தமிழில் ஒப்பந்தம், அறிவிப்பு, விதிமுறை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, புள்ளி புள்ளியாகக் குத்தும் பிரிண்டரில் எடுத்துக் கொடுப்பது தொழில். அப்போது மதுரையில் தமிழைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதே பெரிய விஷயம். அந்தப் பெருமையில் பாதியை நான் எனக்கே எடுத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்தத் தமிழ் எடிட்டர் நான் எழுதியது. எடிட்டர் என்றால் எழுத்துகளைத் தட்டவும், திருத்தவும், சேமித்து வைக்கவும் உதவும் புரோகிராம். சி மொழியில், ஏறத்தாழ நாலாயிரம் வரி.

பழைய மெஷின் ஒரே பெரிய பெட்டி. அதில் ஓடியது யூனிக்ஸ், அதாவது பெட்டியை இயக்குகிற அடிப்படைப் புரோகிராம். பெட்டியிலிருந்து வயர் போட்டு மூன்று திரைகள். அது அடிக்கடி படுத்துக்கொண்டதால் முதலாளி இரண்டு புது பி.சி.க்கள் வாங்கினார். அவற்றை இயக்குவது யூனிக்ஸ் இல்லை, டாஸ் என்ற வேறொன்று. வீடு மாறினால் கட்டிலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி, என் எடிட்டரின் சோர்ஸ் கோடைப் புது இடத்துக்கு ஏற்றபடி கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தேன். பழைய இடத்தில் வரி முடிந்ததைச் சொல்ல ஒரு குறி போதும், புது இடத்தில் இரண்டு வேண்டும். அது தெரியாமல் முதல் பிரிண்ட் எடுத்தபோது ஒவ்வொரு வரியும் முந்தின வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கி, படிக்கட்டு மாதிரி இறங்கிக் காகிதத்தை விட்டே வெளியே போனது. பைலுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் டாஸ் மிச்சத்தை வெட்டிவிடும். பெயரை வெட்டுகிற ஆள் உடம்பையும் வெட்டுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தட்டச்சு செய்ய இரண்டு பேர். ஒருவன் என் வயதுப் பையன், அவனை மாப்ள என்று கூப்பிடுவேன். இன்னொருவர் மேற்கே சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். புலவர் பட்டம் வாங்கி, தமிழாசிரியர் வேலைக்குப் பதிவு செய்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். நாங்கள் புலவரம்மா என்போம். அவரை வேலைக்கு அனுப்ப அவருடைய அண்ணனுக்கு மனசில்லை. முதல் நாள் கூடவே வந்து, முதலாளியிடம் ஒரே நிபந்தனை சொல்லிவிட்டுப் போனார்: "என் தங்கச்சியப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சுன்னா, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்." நிஜமா பொய்யா என்று விசாரிப்பதெல்லாம் அந்த நிபந்தனையில் இல்லை. வேலை போனால் மறுபடியும் வீடு, மறுபடியும் காத்திருப்பு. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

புலவரம்மா பேசுவது சுத்தமான ஊர்ப் பேச்சு. எழுத்துக்கு வந்தால் வேறு ஆள். வாடிக்கையாளர் கையால் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடிக்க மாட்டார். 'ஒரு ஊர்' என்றிருந்தால் 'ஓர் ஊர்' ஆகிவிடும். 'இது உறுப்பினர்களை' என்று வந்தால், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குகிறது என்பதால், 'இஃது உறுப்பினர்களை' என்று மாற்றிவிடுவார். அந்த மூன்று புள்ளிக்கு மை செலவு யார் தருவது என்று நான் கிண்டல் செய்வேன். மாப்ள சிரிப்பான். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

புது மெஷின் அவருக்குப் பிடிக்கவில்லை. விசைகள் மாறிவிட்டன, பழையதே தேவலாம் என்று ஒருதரம் முதலாளியிடமே சொன்னார். இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவன் நான். அது என் மனசில் தங்கிவிட்டது.

பத்திரங்கள் பாதியில் நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் ஒரு வாடகை ஒப்பந்தம். மூன்று பக்கம் வர வேண்டியது, இரண்டாம் பக்கத்தின் நடுவில், ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டது. "நான் முழுசாத்தான் அடிச்சேன், சார்" என்றார். பைலைத் திறந்தேன். திரையிலும் பாதிதான். சரி, மறந்துபோய்ச் சேமிக்காமல் விட்டிருப்பார் என்று விட்டேன். அடுத்த வாரம் ஒரு டெண்டர் அறிவிப்பு, பிறகு ஒரு பள்ளியின் சுற்றறிக்கை. எல்லாம் அவர் அடித்தவை. அவர் அடித்ததிலும் எல்லாமே நிற்கவில்லை, சில முழுசாக வந்தன. மாப்ள அடித்தவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை.

இங்கேதான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. புரோகிராமில் பிழை என்றால் எல்லோருக்கும் வர வேண்டுமே? ஒரே எடிட்டர், ஒரே மாதிரி இரண்டு பெட்டி, பெட்டியை மாற்றி உட்கார வைத்தும் பார்த்தேன். பிழை அவரோடு எழுந்து போய் அடுத்த பெட்டியில் உட்கார்ந்தது. அப்படியானால் பிழை ஆளிடம் இருக்கிறது. பழைய மெஷினில் இதே ஆள் ஒரு குறை இல்லாமல் அடித்தார். புது மெஷின் வேண்டாம் என்று சொன்னவர் யார்? புது மெஷின் கெட்ட பெயர் வாங்கினால் யாருக்குச் சந்தோஷம்? கணக்கு எனக்கு அழகாகக் கூடி வந்தது.

பைல்களைச் சேமித்து வைக்கும் பிளாப்பித் தட்டின் பட்டியலைப் பார்த்தபோது ஒன்று இடித்தது. திரையில் பாதிதான் தெரிகிறது, ஆனால் பட்டியலில் பைலின் அளவு முழுப் பத்திரத்துக்கு உள்ளதாக இருக்கிறது. நியாயமான ஆள் அங்கேயே உட்கார்ந்து யோசித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அளவு குறைந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அந்த அம்மா கடைசியில் வெற்றிடங்களைத் தட்டி நிரப்பி வைக்கிறார் என்று. என் கண்ணெதிரே இருந்த ஒரே சாட்சியையும் அவருக்கு எதிராகத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் சாப்பிடப் போகும்போது அவருடைய பிளாப்பிகளை எடுத்துப் பார்த்தேன். உறைகளின் மடிப்பில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, யாராவது பிரித்தால் கோடு விலகுகிறதா என்று சோதித்தேன். ஒருநாள் மாலை அவர் ஊர் பஸ்ஸுக்குப் போகாமல் சிம்மக்கல் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினார். நானும் பின்வாசல் வழியாக ஏறினேன். சிம்மக்கல்லில் இன்னொரு கம்ப்யூட்டர்க்காரர் கடை போட்டிருந்தார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அந்தக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொத்த விலைக் காகிதக் கடையில் கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். நான் ஒரு வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்த அம்மாவுக்கு எதற்கு நோட்டு, நம் ஆபீசிலிருந்து எதை எழுதி எடுத்துப்போகப் போகிறார் என்று யோசித்தேன். முப்பது வயதை நெருங்கும் படித்த ஆண்பிள்ளை செய்கிற காரியமா அது?

விஷயம் முற்றியது புலவரம்மா அடித்த ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளால். சங்கச் செயலாளர் பிரதிகளைப் படித்துப் பார்க்காமலே கூட்டத்துக்கு எடுத்துப்போய்விட்டார். பதினான்காம் விதியின் நடுவில் சங்கமே முடிந்துபோயிருந்தது. மறுநாள் படியேறி வந்து, ஊர்க்காரர்கள் முன்னால் மானம் போச்சு என்று ஒருமணி நேரம் நின்று பேசினார்.

நான் கடைசி சோதனையாக, அதே துணைவிதிகளின் கையெழுத்துப் பிரதியை மாப்ளயிடம் கொடுத்து, அதே மெஷினில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கச் சொன்னேன். முழுசாக வந்தது. முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை ஒரு வரி குறையவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"இங்க பாருப்பா, பொம்பளப் புள்ள விசயம். உறுதியாத் தெரியுமா?" என்றார்.

"உறுதியாத் தெரியும்ணே" என்றேன்.

முதலாளி ஊருக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் காலை அண்ணன் வந்தார். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு, வாசலுக்கு உள்ளே வராமல் நின்றார். முதலாளி என்னவோ விளக்கப் பார்த்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன செஞ்சுச்சு ஏது செஞ்சுச்சுன்னு கேக்க வரல. சொல்லு வந்துருச்சு, கூட்டிட்டுப் போறேன்." புலவரம்மா எழுந்து, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். போகும்போது என் மேஜையில் அந்தக் கோடு போட்ட நோட்டை வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நோட்டைப் பிரித்தேன். உண்மையைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் அல்ல. அவருக்கு எதிராக இன்னும் ஏதாவது கிடைக்கும் என்ற ஆசையில்.

பாதியில் நின்ற ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். தேதி, பத்திரத்தின் பெயர், காகிதத்தில் கடைசியாகத் தெரியும் எழுத்து, அந்த இடத்தில் தான் அடித்த சொல். வாடகை ஒப்பந்தம் ஓர் 'இ'யோடு நின்றிருந்தது. அவர் அடித்தது 'இஃது எவ்வகையிலும்'. டெண்டர் அறிவிப்பு 'எ'வில் நின்றிருந்தது, அடித்தது 'எஃகு'. சுற்றறிக்கை 'அ', அடித்தது 'அஃது அன்றி'. துணைவிதி 'இ', அடித்தது 'இஃது உறுப்பினர்களை'. நான்காவது வரியைப் படித்து முடிக்கும் முன்பே, எல்லாம் நின்றது அந்த மூன்று புள்ளியில்தான் என்று புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஓர் எண். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நிறைய எண்கள் தேவைப்பட்டதால், நான்கு வருஷம் முன்பு நான் எழுத்துகளுக்கு எண் பிரித்தபோது இடம் போதவில்லை. அரிதாக வருகிற எழுத்துகளை, மணி அடி, அடுத்த பக்கம் போ என்று மெஷினை ஏவுவதற்கென ஒதுக்கிய எண்களில் கொண்டுபோய்த் திணித்தேன். ஆய்த எழுத்துக்கு இருபத்தாறு. இதை எவன் எழுதப்போகிறான் என்று வாய்விட்டே சொன்னேன், பக்கத்துத் திரையில் புலவரம்மா இருந்தார். யூனிக்ஸுக்கு இருபத்தாறு ஒரு பொருட்டே இல்லை. பழைய பைல்கள் புது மெஷினிலும் படிக்க வேண்டும் என்பதற்காக எண்களை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்தேன். டாஸின் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். நான் படிக்காமல் தள்ளிய பக்கத்தில் இருந்தது: எழுத்துப் பைல்களில் இருபத்தாறாம் எண் வந்தால் பைல் முடிந்தது என்று பொருள்.

அவ்வளவுதான். அவர் அடித்தது முழுசாக பிளாப்பியில் இருந்தது. படிக்கும்போது ஆய்த எழுத்தைக் கண்டதும் என் எடிட்டர், முடிந்தது என்று எழுந்து போய்விட்டது. மாப்ள ஏன் தப்பினான்? கையெழுத்துப் பிரதியில் இருந்தபடி 'இது உறுப்பினர்களை' என்றே அடித்தான். இலக்கணம் தெரியாதவன் தப்பித்தான், தெரிந்தவர் மாட்டிக்கொண்டார்.

பைலைத் திறக்கச் சொல்லும் வரியில் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், உள்ளதை உள்ளபடி படி என்று ஆகிவிடும். சேர்த்தேன். வரி முடிவுகளை அதன்பின் நானே கவனிக்க வேண்டும், அது அரைநாள் வேலை. பிறகு அவருடைய துணைவிதி பிளாப்பியைப் போட்டேன். பதினான்காம் விதி தாண்டி, பதினைந்து, பதினாறு என்று கடைசி வரை ஒழுங்காக, ஒரு சந்திப் பிழை இல்லாமல் இறங்கி வந்தது. வெற்றிடம் நிரப்பியதாக நான் நினைத்த இடத்தில் அவருடைய உழைப்பு இருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதுதான் சரியாகிவிட்டதே, இனி வெளியே பேச வேண்டாம், மெஷின் மேல் தப்பு என்று தெரிந்தால் எவன் வருவான் என்றார். மெஷின் மேல் இல்லை அண்ணே, என் மேல் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை மேற்கே பஸ் ஏறினேன்.

அண்ணன் வயலில் இருந்தார். மோட்டாருக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது, போவதற்குள் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார். புலவரம்மா வரப்பில் நின்றார். யூனிக்ஸ், டாஸ், இருபத்தாறு என்று நான் எதையெதையோ சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்து, "அம்புட்டும் எனக்கு வெளங்காது. தப்பு ஆரு மேல?" என்றார்.

"என் மேல."

"அப்ப அதய எங்கிட்ட சொன்னாப் பத்தாது. சொல்லு அங்க வந்துச்சு. அங்கனயே வச்சு எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க, அந்தப் பால் சங்கத்து ஆளயும் வச்சுக்கிட்டு."

சரி என்றேன். அவர் அடுத்த பாத்திக்கு நகர்ந்ததும், எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைப் புலவரம்மாவிடம் கேட்டேன். எந்த எழுத்தில் நிற்கிறது என்று நோட்டில் எழுதியவருக்கு அது தெரிந்திருக்குமே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

"மூணாவது பத்திரத்துலயே தெரியும், சார். ஒருநா அந்த எழுத்தில்லாம அடிச்சுப் பாத்தேன், முழுசா வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"ஆருகிட்ட? நீங்கதான வெட்டுறீகன்னு நெனச்சேன். எவன் எழுதப்போறான்னு அன்னைக்கே சொன்னீக. கிண்டலும் பண்ணுனீக. என் பிளாப்பிய எடுத்துப் பாத்ததும் தெரியும், சிம்மக்கல்லுக்கு வந்ததும் தெரியும்."

அந்த எழுத்தை விட்டுவிட்டு அடித்திருந்தால் வேலை போயிருக்காதே என்றேன், சமாதானம் மாதிரி.

"என்னைய நம்பாத ஆளுக்குப் பயந்துக்கிட்டு நான் எதுக்கு சார் தப்பா எழுதணும்?" என்றார். பிறகு, "தெரிஞ்சு செஞ்சீகளா, தெரியாமச் செஞ்சீகளா?" என்று கேட்டார்.

தெரியாமல்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். நம்பினாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ பேரைச் சந்தேகத்தோடு அப்படி நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என்னை ஒருவர் அப்படிப் பார்த்தார்.

திரும்பி வர அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். தினமும் வேலை முடிந்ததும் அன்று அடித்ததை எல்லாம் பிரிண்ட் எடுத்து வைப்பார். நான் கடைசி வரி வரை பார்த்து, முழுசாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை, செயலாளரும் மாப்ளயும் முதலாளியும் அண்ணனும் நிற்க, தப்பு என்னுடையது என்று சொன்னேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையைவிட முதலாளி பார்த்த பார்வைதான் மோசம். புலவரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

கையெழுத்து விவகாரம் ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் நடக்கும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் நடந்தது. கோபமாக அல்ல, பேச்சுவார்த்தை எல்லாம் சகஜமாகத்தான் இருந்தது. அவர் வீட்டு விசேஷத்துக்கு எனக்குப் பத்திரிகைகூட வைத்தார். ஆனால் மாலை ஐந்தரை ஆனால் காகிதக் கட்டு என் மேஜைக்கு வந்துவிடும்.

சென்னையில் வேலை கிடைத்து நான் கிளம்பிய கடைசி நாளும் வந்தது. திருத்திய எடிட்டர் ஓடத் தொடங்கி இவ்வளவு காலத்தில் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை, மெஷின் இனி வெட்டாது, இன்றைக்காவது விட்டுவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "மெசினு வெட்டாதுன்னு எனக்கும் தெரியும், சார். நீங்க படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

உட்கார்ந்து, கடைசி வரி வரை படித்துப் பார்த்துப் போட்டேன்.